பெட்டி உள்ளே, காயில் வெளியே

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே வந்து சேரும் பேச்சு இது: இக்னிஷன் சாமான்களை பானெட்டுக்கு அடியிலிருந்து கழற்றி, டேஷ்போர்டுக்குக் கீழேயோ சீட்டுக்கு அடியிலோ மாட்டிவிடலாமா? கேள்வி சும்மா எழுவதில்லை. காலையில் ஒரே சுழற்றில் ஸ்டார்ட் ஆகிற வண்டி, மதியம் சிக்னலில் நின்று சூடேறியதும் அணைந்துவிடுகிறது. பானெட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் காத்திருந்தால், எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. மழை பெய்தால் மிஸ்ஸிங் அடிக்கிறது. இதைப் பலமுறை பட்டவருக்கு, அந்தச் சாமான்களைத் தான் உட்காரும் இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சி. கம்பெனி வைத்த இடத்தைத் தொடவே கூடாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்விடு என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் இக்னிஷனை ஒரே பொருளாகப் பார்க்கின்றன; என் மறுப்பு அங்கேதான். அதில் தாழ்ந்த மின்னழுத்தத்தில் வேலை செய்து, ‘இப்போது பொறி விழட்டும்’ என்று தீர்மானிக்கிற பகுதி ஒன்று உண்டு. பல்லாயிரம் வோல்ட்டை உண்டாக்கி பிளக்குக்கு அனுப்புகிற பகுதி வேறு. முதலாவதை உள்ளே கொண்டுவர நல்ல காரணங்கள் இருக்கின்றன. இரண்டாவதைக் கொண்டுவர எனக்குத் தெரிந்து ஒரு நல்ல காரணமும் இல்லை. கார் தயாரித்த கம்பெனிகளே நூறு ஆண்டுகளில் இந்த இடத்தைப் பலமுறை மாற்றியிருக்கின்றன. அந்த மாற்றங்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

இக்னிஷன் முதலில் காருக்குள்ளேதான் இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1908-ல் வந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளாகப் பெருகிய ஃபோர்டு மாடல் டி-யில், ஓட்டுநரின் காலுக்கு முன்னால், இன்ஜினையும் உட்பகுதியையும் பிரிக்கும் தடுப்பின் உட்புறத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்தால் மரக்கூட்டில் அடைத்த நான்கு காயில்கள் வரிசையாக நிற்கும், சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் அதிரும் பாயின்ட். சாவியைத் திருப்பியதும் அவை ரீங்கரிப்பதைக் காதால் கேட்டே எந்தக் காயில் சோர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஈரமும் சேறும் எட்டாத இடம், கைக்கெட்டிய பழுது, நான்கையும் ஒன்றோடொன்று இடம் மாற்றிச் சோதிக்கும் வசதி என்று அந்த இடத்துக்கு நன்மைகள் இருந்தன. ஆனால் பிளக்குக்குப் போகும் உயர் அழுத்தம் முழுவதும் அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அந்தத் தடுப்பு மரம். 1926 மாடலில் ஃபோர்டு அந்தப் பெட்டியை எடுத்து இன்ஜினோடு சேர்த்தே மாட்டியது. மற்றவர்கள் அதற்கு முன்பே வேறு வழிக்குப் போய்விட்டார்கள். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கி 1910-ன் காடிலாக்கில் வந்த டெல்கோ முறைதான் பின்னால் உலகம் முழுவதும் பரவியது: ஒரே காயில், அதன் மின்சுற்றைத் திறந்து மூடும் ஒரு சி.பி. பாயின்ட், ஒரு கண்டென்சர், பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு இவை எல்லாம் பானெட்டுக்கு அடியில்தான்.

அங்கே அவை நன்றாகவே இருந்தன என்று சொல்ல வேண்டும். பாயின்ட்டும் கண்டென்சரும் காயிலும் உலோகமும் காகிதமும் எண்ணெயுமாக ஆனவை. சூட்டை ஓரளவு தாங்கும். அவற்றுக்குப் பெரிய பகை தண்ணீர். 1959-ல் வந்த மினியை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்தார். சோதனை வண்டிகளில் முன்பக்கம் பார்த்திருந்த கார்புரேட்டரைப் பின்பக்கத்துக்கு மாற்ற, இன்ஜின் 180 டிகிரி திருப்பப்பட்டது. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன் கிரில்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மழையில் முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் தண்ணீர் நேரே அதன் மேல் விழும். மினிக்காரர்கள் அதற்கு ரப்பர் உறை போட்டும் தகடு மறைப்பு வைத்தும் சமாளித்தார்கள். யாரும் டிஸ்ட்ரிபியூட்டரை உள்ளே கொண்டுபோகவில்லை, அது கேம்ஷாஃப்டோடு சுழல்வது என்பதால் கொண்டுபோகவும் முடியாது. இடமாற்றம் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. தண்ணீரால் வரும் மிஸ்ஸிங்குக்கு நல்ல கேப், வெடிப்பில்லாத பிளக் ஒயர், ஒரு மறைப்பு, இவையே போதும்.

நிலைமையை மாற்றியது டிரான்சிஸ்டர். பாயின்ட் தேய்கிறது, அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டியிருக்கிறது, வேகம் கூடினால் துள்ளுகிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின் 6,000 சுற்றில் வினாடிக்கு 300 பொறி கேட்கும். அந்த வேலையைத் தேயாத ஒன்றிடம் கொடுத்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சிலிக்கானுக்குச் சூடு ஆகாது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சந்தியின் (ஜங்ஷன்) வெப்பம் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கெடத் தொடங்கும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு இன்னொரு கணக்கு உண்டு: இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பானெட்டுக்கு அடியில் மிக மோசமான நேரம் ஓடும்போது அல்ல, நிறுத்திய பின் வரும் பத்துப் பதினைந்து நிமிடம். விசிறி நின்றுவிடும், தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், இரும்பில் தேங்கிய சூடு மெல்ல மேலே ஏறி எல்லாவற்றையும் வேகவைக்கும். டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கம்பெனிகள் இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டன. கிரைஸ்லர் 1973-ல் தன் கார்கள் அனைத்துக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தபோது அதன் பெட்டியை இன்ஜினைத் தொடாமல், இன்ஜின் அறையையும் உட்பகுதியையும் பிரிக்கும் தகட்டுச் சுவரில் மாட்டியது. அது நன்றாக உழைத்தது. 1976-ல் அதே கிரைஸ்லர் ‘லீன் பர்ன்’ என்ற முறையைக் கொண்டுவந்து, அதன் கணினியை ஏர் கிளீனரின் மேலேயே பொருத்தியது. கீழே இன்ஜினின் சூடு, அதோடு அதிர்வு. பலர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். ஜாகுவார் இ-டைப்பின் பன்னிரண்டு சிலிண்டர் மாடலில் லூகாஸின் ‘ஓபஸ்’ ஆம்ப்ளிஃபயர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தது. இன்ஜினில் அதைவிடச் சூடான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இன்று அந்தக் காரை வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது அதை அங்கிருந்து வெளியேற்றுவதுதான்.

இந்தக் கதையில் பெரிய அத்தியாயம் ஃபோர்டுடையது. 1980-களில் அது ‘டிஎஃப்ஐ’ என்ற சிறிய மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலேயே திருகி மாட்டியது. ஒயர் மிச்சம், வேலை மிச்சம், அழகான ஏற்பாடு. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் சூடு முழுவதும் மாட்யூலுக்குள் இறங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் அணைந்தன. கலிஃபோர்னியாவில் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 1983 முதல் 1995 வரையிலான மாடல்களைத் திரும்ப அழைக்கும்படி அலமேடா மாவட்ட நீதிபதி 2000-ல் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே பிந்தைய மாடல்கள் பலவற்றில் ஃபோர்டே அந்த மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிரித்துத் தள்ளி மாட்டிவிட்டது. ஒரு சின்னப் பெட்டி எங்கே திருகப்படுகிறது என்பது நீதிமன்றம் வரை போன சம்பவம் இது. இடம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இவர்கள் எல்லாரையும்விடச் சரியாகச் செய்தது, என் கணிப்பில், ஜப்பானின் நிசான். அது டாட்சன் என்ற பெயரில் விற்ற 240 இசட் சி.பி. பாயின்ட்டோடு வந்த கார். அதன் வழியில் 1975 முதல் 1978 வரை வந்த 280 இசட் டிரான்சிஸ்டர் இக்னிஷனோடு வந்தது. அந்தக் காரில் முன்னிருக்கைப் பயணியின் காலுக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும். அதைக் கழற்றினால், ஃபியூஸ் பெட்டிக்கு மேலே, உலோகக் கூட்டில் அடங்கிய இக்னிஷன் யூனிட் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் பல்சக்கரம், அதன் அருகே ஒரு சின்னச் சுருள். அங்கிருந்து சிவப்பு, பச்சை என்று இரண்டே ஒயர்கள் தகட்டைத் தாண்டி உள்ளே வந்து யூனிட்டில் சேரும். யூனிட்டிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயர் மறுபடி வெளியே போகும். காயில், பிளக் ஒயர், காயிலின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திச் சூடாகும் பாலஸ்ட் ரெசிஸ்டர் மூன்றும் பானெட்டுக்கு அடியிலேயே. பெட்டி உள்ளே, காயில் வெளியே என்ற பங்கீட்டை ஒரு பெரிய கம்பெனியே தொழிற்சாலையில் செய்து காட்டியது. பழைய காரில் இடமாற்றம் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. 1979-ல் வந்த 280 இசட்எக்ஸில் நிசான் யூனிட்டைச் சிறிதாக்கி டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டது. அதுவும் உழைத்தது, அதைக் கழற்றித் தங்கள் 240-ல் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. மாட்யூல் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் இன்ஜின் மேலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் நாற்பது ஆண்டு பழைய காருக்கு இன்று கடையில் கிடைக்கும் மாட்யூல் எப்படிச் செய்யப்பட்டது என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. தள்ளி மாட்டுவது அந்த நிச்சயமின்மைக்கு எதிரான காப்பு.

காயிலை ஏன் உள்ளே கொண்டுவரக் கூடாது? பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதல் சுற்றிலேயே 250 முதல் 400 வோல்ட் வரை எழும். இரண்டாம் சுற்றில் 15,000 முதல் 25,000 வோல்ட், எலெக்ட்ரானிக் முறைகளில் அதற்கும் மேல். அந்த ஒயர் நீள நீளப் பொறியின் வலு குறையும், கசிய வழி தேடும், ரேடியோவில் இரைச்சல் கிளம்பும். செவர்லே கார்வெட்டின் உடல் ஃபைபர் கண்ணாடி. இரும்புத் தகட்டின் மறைப்பு அதற்கு இல்லை. அதனால் ரேடியோவோடு வந்த கார்வெட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிளக் ஒயருக்கும் கம்பெனியே உலோக மூடிகள் போட்டது. தகட்டுச் சுவர் நமக்கு இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் அந்த வேலையைக் காயிலை உள்ளே கொண்டுவந்து நாமே கெடுக்க வேண்டாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்து, பாயின்ட் மூடிய நிலையில் நின்றால், 12 வோல்ட்டில் மொத்தம் 3 ஓம் சுற்றில் 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும். அதாவது 48 வாட் சூடு, காயிலிலும் ரெசிஸ்டரிலுமாக. எண்ணெய் நிரப்பிய பழைய காயில் இப்படி வீங்கி வெடித்துக் கொதியெண்ணெய் கக்குவது உண்டு. பானெட்டுக்கு அடியில் அது ஒரு செலவு. கால்மாட்டில் அது விபத்து. பாலஸ்ட் ரெசிஸ்டரும் அப்படியே. தொட்டால் சுடும் பொருளுக்குக் கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில் இடமில்லை. கண்டென்சரைச் சிலர் சூட்டுக்குப் பயந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, காயிலின் அருகே மாற்றுகிறார்கள். அதுவரை சரி. அதையும் தாண்டி உள்ளே இழுத்தால் நீண்ட ஒயரால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யாமல் பாயின்ட் கருகும்.

இனி ஒயர். இடமாற்றம் செய்தவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியில் குறை இருக்காது, அதற்கு வந்து போகும் வழியில் இருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லி ஓம். 3 மீட்டர் ஒயரில் 4 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட் இழப்பு. பெரிதல்ல. ஆனால் எர்த் ஒயரும் அதே நீளம், நடுவில் துருப்பிடித்த ஒரு இணைப்பு, தேய்ந்த சாவி ஸ்விட்ச் ஒன்று என்று சேர்ந்தால் ஸ்டார்ட் செய்யும்போது ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பேட்டரியிலிருந்து பெட்டிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, எர்த்தை டேஷ்போர்டின் ஏதோ ஒரு திருகில் கட்டாமல் இன்ஜின் பிளாக்குக்கே கொண்டுபோனால் பாதித் தொல்லை தீரும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் சைகை இன்னும் மென்மையானது. ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்தில் அந்தச் சின்னச் சுருள் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அந்த இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, காயில் ஒயரிடமிருந்தும் பிளக் ஒயரிடமிருந்தும் விலக்கிக் கொண்டுவர வேண்டும். சேர்த்துக் கட்டினால் பெட்டி பொய்ச் சைகை கேட்டு நேரம் தவறிப் பொறி அடிக்கும். இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். டைமிங் மட்டும் எங்கோ போயிருக்கும். பிழை கண்ணுக்குத் தெரியாத இடம் இது. டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் வேலையை முடித்ததாக எண்ண வேண்டாம்.

240 இசட்டில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. அதன் டாக்கோமீட்டர் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை எண்ணி வேகம் காட்டுவது. காயிலின் ஒயரே டேஷ்போர்டுக்கு வந்து மீட்டர் வழியாகத் திரும்பிப் போகிறது. பழைய எம்ஜிபி-யின் ஸ்மித்ஸ் மீட்டரும் இந்த வகைதான். கெபாசிட்டரில் மின்னைத் தேக்கிக் காயிலுக்கு விடும் சிடிஐ பெட்டி போட்டதும் அந்த மின்னோட்டத்தின் வடிவம் மாறிவிடும், முள் செத்துப்போகும் அல்லது துள்ளும். அதற்கென்று விற்கும் அடாப்டர் ஒன்று வேண்டும். சிடிஐ பெட்டி காயிலுக்கு அனுப்புவது 12 வோல்ட் அல்ல, 400 வோல்ட்டுக்கு மேல் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளிருந்து வெளியே போகும் அந்த ஒயருக்குத் தனி உறை, தனி வழி தேவை. அதோடு, பழைய பாஷ் சிடிஐ பெட்டிகள் சாவி போட்டதும் மெல்லிய கீச்சொலி எழுப்பும். போர்ஷே 911-ல் அது பின்னால் இன்ஜின் அறையில் இருப்பதால் இனிமையாகக் கேட்கும்; காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நீண்ட பயணத்தில் அலுப்புத் தரும்.

உள்ளே எங்கே மாட்டுவது? குளிர்ச்சியான இடம் என்று நாம் நினைப்பது எப்போதும் குளிர்ச்சியல்ல. நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும். ஆகவே தாழ்வான இடமே நல்லது. தாழ்வான இடத்துக்குத் தண்ணீர் பகை. டாட்சன் இசட்டில் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் இலை அடைத்தால் மழைநீர் கால்மாட்டுக்கு இறங்கும், ஹீட்டர் வால்வு கசிந்தால் ரேடியேட்டர் தண்ணீரும் அங்கேதான் சொட்டும். பெட்டியைத் தரையில் படுக்கவைக்காமல் பக்கச் சுவரில், ஒயர் வாய் கீழே பார்க்க, ஒயர் ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி மாட்டினால் நீர் வளைவிலேயே சொட்டிப் போகும். குளோவ் பாக்ஸுக்குள் வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டியும் சூடு உண்டாக்கும், அது வெளியேறக் காற்று வேண்டும். எம்எஸ்டி நிறுவனம் தன் சிடிஐ பெட்டிக்கான கையேட்டிலேயே குளோவ் பாக்ஸ் போன்ற மூடிய இடம் வேண்டாம் என்று சொல்கிறது. இன்ஜின் சூடு நேராகப் படாத வரை பானெட்டுக்கு அடியிலேயே மாட்டலாம் என்றும் அதே கையேடு சொல்கிறது. இதைப் படிக்காமலேயே பலர் தகட்டில் ஓட்டை போட்டுவிடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் எச்இஐ மாட்யூலை இசட் காரில் போடுபவர்கள் அதைத் தடித்த அலுமினியத் தகட்டின் மேல், வெப்பம் கடத்தும் பசை தடவித் திருக வேண்டும். கார்ப்பெட் மேல் செருகி வைத்த மாட்யூல் எந்த அறையில் இருந்தாலும் வெந்துதான் போகும். சீட்டுக்கு அடியில் வைப்பவர் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். வோக்ஸ்வேகன் பீட்டிலில் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் முனையில், கனமான ஆள் உட்காரும்போது சீட் ஸ்பிரிங் பட்டுத் தீப்பிடித்த கதைகளை அந்தக் காரின் உரிமையாளர்கள் எல்லாரும் அறிவார்கள்.

தகட்டுச் சுவரைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லியாக வேண்டும். அது இன்ஜின் அறையில் தீப்பிடித்தால் நமக்கும் தீக்கும் நடுவில் நிற்கும் ஒரே தடை. அதில் புதிய ஓட்டை போட்டு, விளிம்பை மழுக்காமல், ரப்பர் புஷ் இல்லாமல் ஒயரை இழுத்தால், அதிர்வில் இன்சுலேஷன் அறுபட்டு ஷார்ட் ஆகும்; புகையும் பெட்ரோல் வாடையும் உள்ளே வரும். பெரும்பாலான கார்களில் ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கோ ஒயரிங்குக்கோ ஏற்கெனவே வழி இருக்கும். அதையே பயன்படுத்தலாம். பேட்டரியிலிருந்து வரும் ஒயருக்கு பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வேண்டும், பெட்டியின் அருகில் அல்ல. ஷார்ட் ஆனால் நடுவிலுள்ள ஒயர்தான் எரியும்.

நம்மூர் கார்களுக்கு இதெல்லாம் எந்த அளவு பொருந்தும்? அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு இரு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் பெட்டி போட விரும்புபவர் அதை எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கத் தகட்டில், காற்று படும்படி மாட்டினாலே போதும். உள்ளே கொண்டுவரும் வேலை வீண். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு விஷயம். அதன் பானெட்டும் முன் பக்கங்களும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். பெட்டியைத் திருக நிலையான தகடு அங்கே குறைவு என்பதால், டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டுவது நியாயமான யோசனை. மினி போன்ற நெருக்கமான வண்டிக்கும் அதுவே. பாயின்ட்டிலேயே ஓட்ட விரும்புபவர் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் பாடி ஆலை போன்றவற்றின் காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கையாண்டு பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல கண்டென்சரும் சரியான இடைவெளியும் இருந்தால் பாயின்ட் நம் வெயிலிலும் ஓடும். மாற்றுவதற்காக மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை.

பழைமையைக் காப்பது தனிக் கேள்வி. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், செய்யும் மாற்றம் எதுவும் திரும்பப் பழையபடி ஆக்கக் கூடியதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2021-ன் விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டி, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே ‘விஏ’ என்ற விண்டேஜ் பதிவு எண் கிடைக்கும். இக்னிஷன் பெட்டியை இடம் மாற்றுவது அந்த அளவுக்குப் பெரிய மாற்றமல்ல. ஆனால் தகட்டில் போட்ட ஓட்டை திரும்ப அடைபடாது, வெட்டிய பழைய ஒயரிங் முழுதாகாது. இருக்கும் திருகுத் துளைகளிலேயே ஒரு சிறு தகட்டைப் பொருத்தி, அதன் மேல் பெட்டியை மாட்டலாம். பழைய ஒயரை வெட்டாமல் கனெக்டர் வைத்துக் கிளை எடுக்கலாம். பழைய பெட்டியின் கூட்டை அதன் இடத்திலேயே வெறுமையாக விட்டுவைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

இந்த வேலையைச் செய்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே, எர்த் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, காரின் ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். கழற்றிய பழைய பாயின்ட், கண்டென்சர், பெட்டி எதையும் எறியாமல் ஒரு பையில் கட்டி டிக்கியில் போடுங்கள். நெடுஞ்சாலையில் புதிய பெட்டி கைவிட்டால், அந்தப் பையும் தாளும் இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் எந்த ஊர் மெக்கானிக்கும் வண்டியை ஓட வைத்துவிடுவார்.